பாக் கடலில் கயாக், நாமே பார்த்த நேரம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

உச்சிப்புளிக்காரன்:

முதலில் என் கதை. மீசையை முறுக்கித் தொடங்கி, அசடு வழிந்து முடிந்த கதை.

ராமநாதபுரம் மாவட்டத்தில் அரியமான் கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்பிலிருந்து கிழக்கே, மண்டபம் ஊரைப் பார்க்க, கயாக் என்கிற ஒல்லியான துடுப்புப் படகில் 5 கிலோமீட்டர். கரையிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளியே போவேன். மச்சான் பைக்கில் வந்து அந்த முனையில் நிற்பான். திரும்பும்போது கயாக்கைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வருவோம். போட்டியும் கிடையாது, நடுவரும் கிடையாது. கையில் கட்டிய ஜி.பி.எஸ். கடிகாரத்தை நானே அமுக்கி, நானே நிறுத்துவேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரைக்குக் கிளம்பினேன். 43 நிமிடம். மணிக்கு 7 கிலோமீட்டர்! வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்து, வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு அதே கயாக், அதே துடுப்பு, அதே ஆறரை மணி, கிளம்பும் முன் அதே இரண்டு இட்லி. காற்றும் இல்லை. 58 நிமிடம் ஆனது. முதலில் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் தோள்பட்டையை, கடைசியில் வயதை.

முனையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இரண்டு வாரமும் என்னைப் பார்த்தவர். மச்சானிடம் நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "போன வாரம் ஓட்டத்தோட வந்த. இந்த வாரம் ஓட்டத்துக்கு எதிர வந்த. இதுல ஒன் கையி என்னப்பா செஞ்சுச்சு?"

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். என் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர், ஓட்டம், அதாவது கடல் நீரோட்டம், மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான், 15 நிமிட வித்தியாசம் வந்துவிடுகிறது. ஏற்றமும் வற்றமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். போன ஞாயிறு ஆறரைக்கு ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் இந்த ஞாயிறு ஆறரைக்கு இறங்கிக்கொண்டிருக்கும். நான் ஒழுங்காக ஒரே நேரத்துக்குக் கிளம்பியதுதான் தப்பாகப் போயிற்று.

குஜராத்தில் பாவ்நகர் பக்கம் கடல் 10 மீட்டர் ஏறி இறங்குகிறது, நமக்கு முட்டியளவுகூட வராத நாள் உண்டு, இதில் என்ன பெரிய ஏற்றவற்றம் என்று அதுவரை அலட்சியமாக இருந்தேன். நிலாவைப் பார்த்துத்தானே தண்ணீரும் ஏறி இறங்குகிறது, அதனால் இப்போது நேரத்தைக் குறிக்கும் நோட்டில் பக்கத்திலேயே திதியும் எழுதுகிறேன். வீட்டம்மா ஜாதகம் பார்க்கப் போகிறீர்களா என்கிறாள்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்குமே? சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் டீச்சர்:

அண்ணே, இதையே நாங்கள் பிள்ளைகளுக்குப் படகும் நீரோட்டமும் என்று கணக்காகக் கொடுக்கிறோம். பிள்ளைகள் "டீச்சர், இது எதுக்கு உதவும்?" என்பார்கள். இனிமேல் உங்களைக் காட்டிவிடுகிறேன்.

ஒருவழியாகப் போகாமல் போய்த் திரும்பினால் சரியாகிவிடும் என்று நினைத்து நானும் ஏமாந்தேன். 3 கிலோமீட்டர் போய் 3 கிலோமீட்டர் திரும்புகிறேன், என் வேகம் 6 என்று வையுங்கள். நின்ற தண்ணீரில் ஒரு மணி நேரம். ஓட்டம் 2 இருந்தால் போக இருபத்திரண்டரை நிமிடம், திரும்ப 45. மொத்தம் அறுபத்தேழரை. போகும்போது கடல் கடனாகக் கொடுப்பதை வரும்போது வட்டியோடு வாங்கிக்கொள்ளும். ஓட்டத்துக்கு எதிராக நிற்கிற நேரம் கூடுதல், அதனால் நஷ்டமும் கூடுதல்.

இன்னொன்று, ஓட்டம் எந்தப் பக்கம் என்று கரையில் நின்று கண்டுபிடிக்க எனக்குப் பாசி மிதவைதான் உதவி. பெப்சிப் பாசி என்று இங்கே சொல்கிற கடல்பாசியை வளர்க்கிற அந்தப் பன்னிரண்டடிச் சதுர மூங்கில் மிதவைகளைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டம் இருக்கும்போது ஒரு பக்கத்து மூங்கிலில் தண்ணீர் லேசாக முட்டி நிற்கும். எதிர்ப்பக்கம் அறுந்த பாசித் துணுக்குகள் வால்போல நீண்டு கிடக்கும். அந்த வால் சுருங்கி, துணுக்கெல்லாம் மிதவையையே சுற்றி மிதக்கத் தொடங்கினால் தண்ணீர் திரும்பப் போகிறது என்று அர்த்தம். அந்தக் கொஞ்ச நேரத்தில் எடுத்த நேரத்தை மட்டும்தான் நான் என் நேரம் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் மிதவைக்குப் பக்கத்தில் போகாதீர்கள், நங்கூரக் கயிறு அடியில் எங்கெங்கோ ஓடும். அது யாரோ ஓர் அக்காவின் பிழைப்பு வேறு.

வலசை மாப்ள:

நான் நேரத்துக்கு ஆசைப்பட்டுத் தரை தட்டியவன்.

பௌர்ணமிக்கு மறுநாள். கரையை ஒட்டிப் போனால் எதிர் ஓட்டம் குறைவு என்று யாரோ சொன்னதை நம்பி, கடல் தாழை (கரையோரம் அடியில் வளர்கிற கடல் புல்) மேலேயே கயாக்கை விட்டேன். சும்மா சொல்லக் கூடாது, போகும்போது நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது தண்ணீர் வற்றிவிட்டது. துடுப்பை விட்டால் கரகரவென்று மணல். முதலில் கயாக்கின் அடியில் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்கெக் சிக்கியது, அப்புறம் கயாக்கே உட்கார்ந்துவிட்டது. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இறங்கி இழுக்கலாம் என்று காலை வைத்தேன். நண்டு பார்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் தூரத்திலிருந்து கத்தினார்: "காலைத் தூக்கித் தூக்கி வைக்காதடா! தேச்சுக்கிட்டே வா!" திருக்கை. மணலில் புதைந்து கிடக்கும், மேலே மிதித்தால் வால் முள்ளால் குத்தும். காலைத் தேய்த்துக்கொண்டே போனால் அதுவே விலகி ஓடிவிடும். அப்படித்தான் அரை கிலோமீட்டர், கல்யாணப் பொண்ணு மாதிரி நடந்து வந்தேன். மொத்த நேரம் 1 மணி 51 நிமிடம். நோட்டில் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

கச்சான் காத்து:

மாப்ள, அடிக்காமல் வைத்தது சரி. சிலர் "நகர்ந்த நேரம்" என்று செயலி காட்டுவதை எடுத்துப் போடுகிறார்கள். நின்ற நேரத்தைக் கழித்துவிடுவார்களாம். கடலில் நின்றால் கயாக் நிற்குமா? ஓட்டம் தள்ளிக்கொண்டுதானே இருக்கும்? துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா மிதந்தே ஐம்பது மீட்டர் லாபம் பார்த்தவனை எனக்குத் தெரியும். (நான்தான்.) அமுக்கியது முதல் நிறுத்தியது வரை மொத்தமும் கணக்கு. யாரும் பார்க்காத போட்டியில் வேறு எதைத்தான் காப்பாற்றப் போகிறோம்.

என் நேரங்களிலேயே மோசமானது ஒன்று உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். நாலாவது கிலோமீட்டரில், நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது இடப்பக்கம் "புஸ்" என்று சத்தம். டயரில் காற்று இறங்குகிற மாதிரி. திரும்பினால் பழுப்பும் சாம்பலுமாக ஒரு முதுகு, ஈரப் பாறைபோல. ஆவுளியா, கடல் பசு! தாழை மேய வந்திருக்கிறது. துடுப்பை அப்படியே தூக்கிப் பிடித்தேன், சொட்டுகிற தண்ணீர்கூடச் சத்தமாகக் கேட்டது. போய்விட்டது. சில நிமிடம் கழித்து முன்னால், கொஞ்சம் தள்ளி, மறுபடி அந்த மூச்சு. அப்புறம் வரவில்லை. நான் காத்திருந்த நேரம் 9 நிமிடம்.

என் தாத்தா காலத்தில் கறி சாப்பிட்டதாகச் சொல்வார்கள். இப்போது 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, வலையில் சிக்கினாலும் வெட்டிவிடுகிறார்கள். நான் சொல்வது வலையை. கயாக்கை அதன் பின்னால் விரட்டிக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான்.

உச்சிப்புளிக்காரன்:

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், பாம்பன் கால்வாயில் நேரம் பார்க்கலாமா என்று. எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் நின்று ஒரு தடவை கீழே பாருங்கள். தூணுக்குப் பின்னால் தண்ணீர் பிளந்து சுழித்துக்கொண்டு ஓடும். ஒரு பக்கம் பாக், மறுபக்கம் மன்னார். இரண்டு கடலும் ஒரே நேரத்தில் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை, அந்த வித்தியாசம் முழுக்க அந்தச் சின்ன வாய் வழியாகத்தான் போயாக வேண்டும். வாடைக்காலத்தில் வடக்கேயிருந்து தெற்கே தள்ளும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நேர்மாறு. என்ஜின் வைத்த படகே அங்கே தண்ணீர் பார்த்துத்தான் நுழையும். நான் அங்கே பஜ்ஜி சாப்பிடத்தான் போவேன்.

மன்னார் பக்கத் தீவுகளும் அப்படித்தான். 21 தீவும் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் அதில் ஒன்றான குருசடைத் தீவுக்குத் துடுப்பு போட்டு நேரம் பார்த்தேன் என்று யாரும் இங்கே வந்து எழுதாதீர்கள்.

கச்சான் காத்து:

அதோடு ஒன்று. போன மாதம் விடியலில் கரையில் கடலோரப் போலீசார் என்னை நிறுத்தி விசாரித்தார்கள். இலங்கை எல்லைப் பக்கம், இருட்டில் ஒருத்தன் ஒல்லியான படகை இறக்கினால் கேட்கத்தானே செய்வார்கள். ஆதாரைக் காட்டினேன். லைஃப் ஜாக்கெட் எங்கே என்றார்கள். வேகம் குறையும் என்று அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கடலோரப் பாதுகாப்பு உதவிக்கான 1093 நம்பரைப் போனில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அன்றைக்கு இறங்க விடவில்லை. நியாயம்தான். இப்போது ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் போகிறேன். நேரம் ஒன்றும் பெரிதாகக் கூடவில்லை.

தங்கச்சிமடம் டீச்சர்:

உச்சிப்புளி அண்ணே, வருகிற அட்டமி பார்த்து எல்லோரும் ஒரே நாளில் இறங்குவோமா? ஓட்டம் தணிந்திருக்கும். ஒரே தண்ணீர், ஒரே காற்று, அவரவர் கடிகாரம்.

உச்சிப்புளிக்காரன்:

சரி டீச்சர். மணி குறிக்க வேண்டாம், பாசித் துணுக்கு மிதவையைச் சுற்றத் தொடங்கினதும் கிளம்புவோம். வலை பொத்துகிற பெரியவரையும் கூப்பிட்டிருக்கிறேன். வந்து என்ன செய்ய என்று கேட்டார், சும்மா எங்களைப் பார்த்துச் சிரிக்க என்றேன். வருகிறாராம்.