மொறிஸ் மைனர் 1000க்கு வேற இஞ்சின்: குறைஞ்ச காசில எது சரி?

புதுக்குடியிருப்பு 948

அண்ணைமாருக்கு வணக்கம். 1961ம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, 948 சிசி. பொடி நல்லம். இஞ்சின் முடிஞ்சுது எண்டுதான் சொல்லவேணும்: சூடேறினதும் ஐடிலில ஒயில் விளக்கு எரியுது, அக்சில் குடுத்தால் அடியில மெயின் பெயரிங் தட்டுற கனத்த சத்தம். கொம்பிறஷன் பாத்ததில ரெண்டாம் சிலிண்டர் 80 இறாத்தல் (பிஎஸ்ஐ), மற்ற மூண்டும் 120க்குக் கிட்ட.

ஏ35 றோட்டில பரந்தன் வரைக்கும் கிழமையில நாலைஞ்சு தரம் போய்வர வேணும். 70, 80 வேகம் காணும். கையில ஆறு லட்சம், எல்லாம் அதுக்குள்ள. அடிபட்ட சின்னக் காரொண்டின்ர ஈஎஃப்ஐ (கணினியால பெற்றோல் தெளிக்கிற) இஞ்சினை எடுத்துப் போடலாம் எண்டு சிலர் சொல்லினம். எந்த இஞ்சின், எந்தக் கியர்பொக்ஸ், வேற என்னென்ன மாத்தவேணும்?

பரந்தன் பட்டறை

தம்பி, அந்த ஈஎஃப்ஐ யோசனையை முதல்ல விடுங்கோ. இப்ப ஓடுற சின்னக் கார் அநேகமா முன் சில்லு இழுவை. இஞ்சின் குறுக்கால கிடக்கும், கியர்பொக்ஸும் டிஃபரன்ஷலும் ஒரே கூட்டுக்குள்ள. உங்கட காருக்கு இஞ்சின் நெடுக்கால இருக்கவேணும், கியர்பொக்ஸுக்குப் பின்னால புரொப்பெலர் சாஃப்ட் பின் அக்சிலுக்குப் போகவேணும். குறுக்கு இஞ்சினைத் திருப்பி வைக்கிறதெண்டால் பெல் ஹவுசிங்குக்கு (இஞ்சினையும் கியர்பொக்ஸையும் சேக்கிற கூடு) அடப்டர் தகடு, ஃபிளைவீல், கிளச், ஸ்ரார்ட்டர் எல்லாம் புதுசாக் கடையவேணும். அதோட ஈசியு (இஞ்சின் கணினி), முழு வயரிங், ஏறக்குறைய 3 பார் அமுக்கம் தாற பெற்றோல் பம்ப், டாங்குக்குத் திரும்பி வாற குழாய். ஆறு லட்சம் பாதி வழியில முடிஞ்சுபோம்.

உங்களுக்குப் பொருத்தம் நிசான் ஏ வகை: ஏ12 (1171 சிசி), ஏ14 (1397), ஏ15 (1488). மைனரின்ர இஞ்சின் மாதிரியே புஷ்றொட், அளவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் உங்கட 948க்கு மெயின் பெயரிங் மூண்டு, இதுக்கு ஐஞ்சு. சிலிண்டர் ஹெட் அலுமினியம், ஆனபடியால் முன்பக்கம் பாரம் கூடாது. கார்பரேற்றர், டிஸ்ரிபியூற்றர், புளொக்கிலேயே பெற்றோல் பம்ப். றோட்டில நிண்டாலும் ஒரு திருப்புளியோட சரிப்பண்ணி வீட்டை வரலாம். மனிஃபோல்ட் இடப்பக்கம், உங்கட ஸ்ரியரிங் தண்டு வலப்பக்கம். சைலன்சர் குழாய்ச் சூடும் அதில படாது.

மூண்டில எது? என்ர எண்ணத்துக்கு ஏ12. ஏ14, ஏ15 புளொக் உயரம் கூட, பொனற் தட்டுதோ எண்டு அளக்கவேணும். அதைவிட, உங்கட 948 குடுத்தது 37 குதிரை வலு. ஏ15 அதுக்கு இரண்டு மடங்குக்குக் கிட்ட வரும். மைனரின்ர பின் அக்சில் சாஃப்ட் அதுக்குத் தாங்காது, முதல் கியரில வெட்டி எடுத்தால் முறியும். 80 வேகத்துக்கு ஏ12 தாராளம்.

வாங்கேக்க ஒரு பொறி இருக்கு. கொழும்பு பஞ்சிகாவத்தையில கிடைக்கிற ஏ இஞ்சின் கனக்க நிசான் வனெற் வானில இருந்து கழட்டினது. இஞ்சின் நல்லது, ஆனால் வானின்ர கியர்பொக்ஸுக்கு மேல லீவர் இல்லை, தூரத்தில இருந்து கம்பியால மாத்துற வகை. கியர்பொக்ஸை நிசான் சனி (Sunny) பி310 காரில இருந்தோ சனி பிக்கப்பில இருந்தோ எடுங்கோ. ஃபிளைவீல், கிளச் தட்டு, பிறஷர் பிளேற், பெல் ஹவுசிங், ஸ்ரார்ட்டர், முன் யோக் (கியர்பொக்ஸுக்குள்ள சொருகிற புரொப்பெலர் முனை) எல்லாம் ஒரே வாகனத்தினது எண்டு பாத்து ஒரே தரத்தில வாங்குங்கோ. முன் யோக் இல்லாமல் வந்தால் அதைத் தேட ஒரு மாதம் போம்.

இஞ்சினை நிலத்தில வைச்சு ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கோ. நாலு சிலிண்டரும் 150க்கு மேல நிக்கவேணும், ஒண்டுக்கொண்டு பத்து வீதத்துக்கு மேல வித்தியாசம் கூடாது. ஒயில் மூடியைக் கழட்டிப் புகை பாருங்கோ. ஒயில் குச்சியை மணந்தும் பாருங்கோ. எங்கட பக்கம் போர்க்காலப் பொருளாதாரத் தடை நேரத்தில மண்ணெண்ணெயில ஓடின இஞ்சின் சிலது இன்னும் கை மாறுது. எரியாத எண்ணெய் ஒயிலில இறங்கி, ஒயில் தண்ணியாகி, றிங்கும் பெயரிங்கும் தேஞ்சிருக்கும்.

இனி ஏத்துறது. முதல்ல வெறும் புளொக், பெல் ஹவுசிங், கியர்பொக்ஸ் கூடு மட்டும் பூட்டி இறக்குங்கோ, பாரம் குறைய, நாலு தரம் ஏத்தி இறக்கலாம். மைனரில ஸ்ரியரிங் றாக் இஞ்சினுக்குப் பின்னால ஃபயர்வோலோட (இஞ்சினுக்கும் ஆக்கள் இருக்கிற இடத்துக்கும் நடுத் தகடு) கிடக்கு. றாக்குக்கும் பெல் ஹவுசிங்குக்கும் இடையில குறைஞ்சது 15 மி.மீ. விடவேணும், இஞ்சின் ரப்பரில ஆடும். முன்னால ஃபான் இதழுக்கும் றேடியேற்றருக்கும் 25 மி.மீ. ஒயில் சம்பின்ர ஆழமான பக்கம் எங்க வருதெண்டு அப்பவே பாருங்கோ, நிலத்தில இருந்து 150 மி.மீ.க்குக் கீழ தொங்கினால் கிரவல் றோட்டில ஒரு நாள் உடையும்.

மவுண்ட் 6 மி.மீ. தகட்டில. அதை மெல்லிய சட்டத்தில நேரா ஒட்டக்கூடாது. முதல்ல 3 மி.மீ. தகட்டில 100க்கு 100 துண்டு வெட்டிச் சட்டத்தில பரவலா ஒட்டி, அதுக்கு மேல மவுண்ட். புள்ளி புள்ளியா ஒட்டி, இஞ்சினை வெளியில எடுத்துப்போட்டு முழு ஒட்டு. சட்டத்துக்கு மிக் வெல்டிங்தான், குச்சி (ஆர்க்) வெல்டிங் துளை விழுத்தும். பற்றறி வயரைக் கழட்ட மறக்கவேண்டாம்.

கடைசியா ஒண்டு, இதைக் கவனமா வாசியுங்கோ. கியர்பொக்ஸுக்கு இடம் காணாட்டில் ஆக்கள் நடுக் குறுக்குச் சட்டத்தை வெட்டுவினம். முன் சஸ்பென்சனின்ர ரோர்ஷன் பார் (முறுகி ஸ்பிறிங்கா வேலை செய்யிற தண்டு) ரெண்டும் பின்னால பிடிச்சு நிக்கிறது அந்தச் சட்டத்திலதான். வெட்டினால் முன்பக்கம் முழுக்கத் தளரும். கியர்பொக்ஸைத் தாங்கிற பகுதியை மட்டும் மாத்துங்கோ. கட்டாயம் வெட்டத்தான் வேணுமெண்டால், வெட்டுறதுக்கு முதல் 4 மி.மீ. தகட்டில பெட்டி மாதிரி வளைச்சு அடியால பாலம் ஒட்டவேணும்.

வவுனியா ஏ சீரிஸ்

நான் இதுக்கு உடன்படேல்லை. மெயின் தட்டுது எண்டால் கிறாங்கைக் கிறைண்ட் பண்ணி 10 அல்லது 20 தௌ (ஒரு தௌ அங்குலத்தில ஆயிரத்தில ஒண்டு) அண்டர்சைஸ் பெயரிங், சிலிண்டர் போர் பண்ணி 20 அல்லது 40 ஓவர்சைஸ் பிஸ்டன், புது ஒயில் பம்ப், புதுச் செயின். ஒண்டையும் வெட்டத் தேவையில்லை, காரின்ர பதிவுப் புத்தகத்தில இஞ்சின் இலக்கமும் மாறாது. பிந்தின மைனரின்ர 1098 சிசி இஞ்சின் கிடைச்சால் இன்னும் நல்லம், 48 குதிரை, அதே மவுண்டில இருக்கும்.

ஹெட்டை மட்டும் சும்மா பூட்டவேண்டாம். 2002இல ஈயப் பெற்றோல் நிண்டபிறகு இந்த ஹெட்டுகளின்ர எக்சோஸ்ற் வால்வ் இருப்பிடம் மெல்ல மெல்ல உள்ளுக்குப் போகுது. வால்வ் இடைவெளி 12 தௌவில வைச்சாலும் ஒரு மாதத்தில நெருக்குதெண்டால் அதுதான் காரணம். கடினப்படுத்தின சீற் நாலு போடுங்கோ.

புதுக்குடியிருப்பு 948

நன்றி அண்ணை. கிறாங் ஏற்கெனவே 40 அண்டர்சைஸ், லேத்தில இனி வெட்ட ஏலாதெண்டிட்டினம். புளொக்கும் ரெண்டாம் சிலிண்டரில கீறு விழுந்து கிடக்கு, ஸ்லீவ் அடிக்கவேணும். 1098 தேடி ஒரு வருசமாக் கிடைக்கேல்லை. அதால ஏ12 பக்கம்தான் மனம்.

ரெண்டு சந்தேகம். மைனருக்குக் கிளச் கம்பியால இழுக்கிறது, சனிக்கு ஒயிலால தள்ளுறது. எப்பிடிச் சேக்கிறது? பிறேக் இப்பிடியே விடலாமோ?

மாங்குளம் லேத்

கிளச்சுக்குப் பெடலை மாத்தவேண்டாம். பெடல் அடியில இருந்து போற கம்பியைக் கழட்டி, அந்த நெம்புக்கு முன்னால ஐஞ்சு சூத்திர (அங்குலத்தில எட்டில ஐஞ்சு) மாஸ்ரர் சிலிண்டர் ஒண்டை 5 மி.மீ. தகட்டில சட்டத்தோட பூட்டுங்கோ. ஒயில் டப்பாவை பொனற்றுக்குள்ள மேல வைச்சு ரப்பர் குழாயால இறக்குங்கோ, நிலத்துக்குக் கிட்ட வைச்சால் புழுதி உள்ளுக்குப் போய் வொஷரைத் திண்டிடும். கணக்கு இதுதான்: மாஸ்ரர் 15.9 மி.மீ., சிலேவ் (கியர்பொக்ஸ் பக்கத்தில கிளச்சைத் தள்ளுற சிலிண்டர்) 17.5 மி.மீ. எண்டால் மாஸ்ரர் 20 மி.மீ. போகேக்க சிலேவ் பதினாறரை மி.மீ. போகும். இஞ்சின் ஓடேக்க றிவர்ஸ் கியர் அரைச்சால் அந்தத் தூரம் காணாது. அதுக்குப் பெரிய மாஸ்ரர் வாங்கிறதுக்கு முதல் நெம்புத் துளையை அச்சில இருந்து 5 மி.மீ. வெளிய தள்ளிப் போட்டுப் பாருங்கோ. தூரம் கூடும், மிதி கொஞ்சம் கனக்கும்.

புரொப்பெலருக்கு முன் பாதி சனியினது, பின் ஃபிளான்ஜ் மைனரினது. கார் சில்லில நிக்கேக்க அளவெடுங்கோ, ஜாக்கியில தூக்கினால் அக்சில் தொங்கி அளவு பிழைக்கும். முன் யோக்கை முழுக்க உள்ளுக்குத் தள்ளி 20 மி.மீ. வெளிய இழுத்து வைச்ச நிலையில நீளம் குறியுங்கோ. அந்த 20 இல்லாட்டில் பள்ளத்தில விழேக்க சாஃப்ட் கியர்பொக்ஸைக் குத்தும். ரெண்டு குறொஸும் (சாஃப்ட் முனையில மடங்கிற மூட்டு) ஒரே திசையில நிக்கவேணும், லேத்தில வைச்சுச் சுத்திப் பாத்து ஓட்டம் அரை மி.மீ.க்கு மேல வரக்கூடாது. கியர்பொக்ஸ் வாலும் டிஃபரன்ஷல் மூக்கும் ஒண்டுக்கொண்டு சமாந்தரம், வித்தியாசம் ஒரு பாகைக்குள்ள. 60க்கு மேல தரையில நடுக்கம் எண்டு வாற வண்டிகளில சாஃப்ட் நேரா இருக்கும், மவுண்ட் உயரம்தான் பிழைச்சிருக்கும்.

உங்கட டிஃபரன்ஷல் 4.55 (சில்லு ஒரு சுத்துக்குப் புரொப்பெலர் 4.55 சுத்து). 80 வேகத்தில நாலாம் கியரில இஞ்சின் ஏறக்குறைய 3,250 சுத்தும். 1098 காரின்ர 4.22 கிடைச்சால் 3,000. ஐஞ்சு கியர் பெட்டி கிடைச்சால் 4.55ஐயே வைச்சிருங்கோ.

பிறேக்கை இப்பிடியே விடவேண்டாம். 948க்கு முன் டிரம் 7 அங்குலம், 1098க்கு 8. சூ பூட்டுற தட்டு (பாக் பிளேற்), டிரம், சிலிண்டர், சூ எல்லாம் முழுத் தொகுதியா 1098இல இருந்து எடுங்கோ. மாஸ்ரர் சிலிண்டர் சாரதிக்குக் கீழ சட்டத்துக்குள்ள இருக்கு, நாலு சில்லுக்கும் ஒரே குழாய் வழி. ஒரு ஹோஸ் வெடிச்சால் நாலும் போச்சு. அதால மூண்டு ரப்பர் ஹோஸும் புதுசு. சேர்வோ (பிறேக் மிதிக்கு உதவுற பூஸ்ரர்) பிறகு யோசியுங்கோ. அது கால் பாரத்தைத்தான் குறைக்கும், டிரம் சூடேறி வழுக்கிறதை நிப்பாட்டாது.

இஞ்சினில கை வைக்க முதல் கீழ் ட்ரனியனை (முன் சில்லின்ர கால் தண்டு அடியில புரியால பூட்டி நிக்கிற மூட்டு) பாருங்கோ. முன்பக்கத்தைத் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டு, ரயருக்குக் கீழ அலவாங்கைக் குடுத்து மேல நெம்புங்கோ. கால் தண்டும் ட்ரனியனும் சேருற புரியில மேல கீழ ஆட்டம் தெரிஞ்சால் மாத்தவேணும். புரி தேஞ்சு கழண்டால் சில்லு மடிஞ்சு மட்காட்டுக்குக் கீழ போகும், ஓடிக்கொண்டிருக்கேக்கயே. எங்கட புழுதிக்கு 1,500 கிலோமீற்றருக்கு ஒருக்கா கிறீஸ், சில்லு தொங்கிற நிலையில, பழைய கிறீஸ் மண் நிறத்தில வெளிய வந்து புதுசு தெரியும்வரைக்கும்.

பரந்தன் பட்டறை

ட்ரனியன் விசயம் நான் சொல்லியிருக்கவேணும், மாங்குளத்தார் சொன்னது சரி. வயரிங்கும் தண்ணியும் மிச்சம்.

மைனர் பொசிற்றிவ் ஏத், அதாவது பற்றறியின்ர பொசிற்றிவ் பொடிக்குப் போகுது. சனி ஒல்ரனேற்றர் நெகற்றிவ். பழையபடி பற்றறியைப் பூட்டினால் டயோட் அந்த நிமிசமே எரியும். பற்றறியைத் திருப்பி நெகற்றிவை பொடிக்குக் குடுங்கோ, கொயில் வயர் ரெண்டையும் மாத்துங்கோ, றேடியோ இருந்தால் கழட்டுங்கோ. எஸ்யு மின் பம்ப் இனித் தேவையில்லை. ஒல்ரனேற்றரில இருந்து ஸ்ரார்ட்டர் சொலனொயிட்டுக்கு 6 சதுர மி.மீ. வயர் புதுசா நேரா இழுங்கோ. பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளால விட்டால் அந்த 60 வருச வயர் உருகும்.

றேடியேற்றரை மூண்டு வரிசை கோர் போட்டுத் திருப்பிக் கட்டுவியுங்கோ. பழைய மூடி 7 இறாத்தல். புதுக் கோருக்கு 0.9 எண்டு அடிச்ச மூடி (ஏறக்குறைய 13 இறாத்தல்) போடலாம், பழைய கோருக்குப் போட்டால் தையல் விடும். தெர்மோஸ்ரற்றைக் கழட்டி எறியிற பழக்கம் வேண்டாம், 82 பாகையினது ஒண்டு போடுங்கோ. கிணத்துத் தண்ணி விடக்கூடாது. கேத்தில் அடியில பிடிக்கிற அதே வெள்ளைப் படைதான் அலுமினிய ஹெட்டுக்குள்ளயும் பிடிக்கும். மாரியில பிடிச்ச மழைத்தண்ணி, இல்லாட்டில் பற்றறித் தண்ணி, அதோட கூலன்ற்.

இஞ்சின் வாங்கின பில்லையும் இறக்குமதிக் கடதாசியையும் இலக்கம் தெளிவா எழுதி வாங்குங்கோ. புத்தகத்தில இஞ்சின் இலக்கம் மாறுது, சிசியும் மாறுது. இஞ்சினுக்குக் காசு குடுக்க முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில என்னென்ன கேக்கினம் எண்டு அறிஞ்சுகொள்ளுங்கோ. பில் இல்லாத மலிவு இஞ்சினை எடுத்தால் பிறகு பதிய ஏலாது, விபத்தெண்டால் காப்புறுதியும் கையை விரிக்கும்.

காசைப் பிரிக்கிறதெண்டால் இஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் பாதிக்கு மேல போகவேண்டாம். முன் பிறேக்கும் ட்ரனியனும் முடிஞ்சபிறகு இஞ்சினை இறக்குங்கோ.

புதுக்குடியிருப்பு 948

இண்டைக்குப் பின்னேரம் தூக்கிப் பாத்தன் அண்ணை. வலப்பக்கக் கீழ் ட்ரனியன் 3 மி.மீ. ஆடுது, கிறீஸ் நிப்பிளுக்குள்ள மண் இறுகி அடைச்சுக்கிடக்கு. இடப்பக்கம் பரவாயில்லை.

மாங்குளம் லேத்

அது வெளிக்கிட ஏலாத ஆட்டம். ட்ரனியனை மட்டும் மாத்தவேண்டாம், கால் தண்டின்ர புரியும் சேத்துத் தேஞ்சிருக்கும், சோடியா எடுங்கோ. வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் புரித் திசை வேற, கடையில சொல்லி வாங்குங்கோ. அதுவரைக்கும் காரை முற்றத்தை விட்டு எடுக்கவேண்டாம்.