வெள்ளி நானோ துகள் ஒட்ட மறுக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளை, இப்போது முதுகலை ஆய்வு செய்கிறேன். தண்ணீரில் கலந்த வெள்ளி நானோ துகள்களை (கண்ணுக்குத் தெரியாத மிகநுண்ணிய துகள்கள்) கார்பன் நானோகுழாய்களால், அதாவது கார்பனால் ஆன மிகநுண்ணிய குழாய்களால், சேகரிப்பதுதான் வேலை. கிருமி கொல்லத் துணிகளில் சேர்க்கும் வெள்ளி, துவைக்கும்போது கழன்று தண்ணீரோடு போகிறது. லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையில் விளையாடி வளர்ந்தவள் நான். இந்த வேலையைக் கைவிட மனமில்லை.

குழாய்கள் தண்ணீரில் கட்டி கட்டியாக நின்றதால் நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சினேன். சரி, நன்றாகக் கலந்தன. அப்புறம் வெள்ளி ஒட்டவே இல்லை. கரைசலின் மஞ்சள் நிறம் அப்படியே இருக்கிறது, வெள்ளித் துகள்களைக் காட்டும் 400 நானோமீட்டர் அருகேயுள்ள ஒளி உறிஞ்சலும் குறையவில்லை, அதாவது வெள்ளி இன்னும் தண்ணீரிலேயே இருக்கிறது. அமிலம் குழாயின்மேல் கார்பாக்சில் தொகுதிகளை (தண்ணீரில் எதிர்மின்னூட்டம் பெறும் அமிலத் தொகுதிகள்) உண்டாக்கிவிட்டது. என் வெள்ளித் துகள்களின் மேலோ, அவை திரளாமல் காக்கும் சிட்ரேட் பூச்சு. இரண்டுக்கும் எதிர்மின்னூட்டம், அதனால் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்று நினைக்கிறேன்.

உப்பு சேர்த்தால் தள்ளல் குறையும். ஆனால் துகள்கள் தாமாகவே திரண்டு படிந்தால், குழாய் பிடித்தது எவ்வளவு என்று எப்படிப் பிரித்தறிவது? குழாய்களுக்குப் பாலிஎத்திலீனிமைன் என்ற நேர்மின்னூட்டப் பாலிமர் பூசி நேர்மின்னூட்டம் கொடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு பூசினீர்கள், கழுவும்போது பூச்சு நின்றதா? ஈப்போ பக்கம் யாராவது இருந்தால் நேரில் வந்தே கேட்டுக்கொள்கிறேன்.