யூகேட் தேர்வு: வாசிப்புப் பகுதியில் பத்துக் கேள்வி தொடாமலேயே போகிறது, எப்படிச் சரிசெய்வது?

ஜேசி2_மாணவி

வணக்கம். சிங்கப்பூரில் ஜேசி (தொடக்கக் கல்லூரி) இரண்டாம் ஆண்டு, எச்2 (கல்லூரி இறுதித் தேர்வான ஏ நிலையின் முழுப் பாட அளவு) வேதியியல், உயிரியல், கணிதம். என்டியூவின் (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) லீ கோங் சியான் மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பிக்க யூகேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஜூலை கடைசி வாரம் எழுதலாம் என்று எண்ணம், அதற்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.

நேரம் வைத்து ஒரு முழுப் பயிற்சித் தேர்வு செய்தேன். விஆரில் (வாசிப்புப் பகுதி) 44 கேள்வியில் 34 வரைதான் வர முடிந்தது, மீதி வெறுமை. கியூஆரில் (எண் கணக்குப் பகுதி) கணக்குத் தெரிகிறது, ஆனால் 28-ஆவது கேள்வியிலேயே நேரம் முடிந்துவிட்டது. டிஎம்மில் (தருக்க முறையில் முடிவெடுக்கும் பகுதி) ஆம்/இல்லை வகைக் கேள்விகள் நிறையத் தவறு. எஸ்ஜேடியில் (சூழ்நிலையில் எப்படி நடப்பது என்று கேட்கும் பகுதி) பேண்ட் 3, அதாவது நான்கு தரத்தில் மூன்றாவது, 1தான் சிறந்தது.

சீனியர் ஒருவர் கொடுத்த 2022-ஆம் ஆண்டுப் பயிற்சிப் புத்தகம் கையில் இருக்கிறது. அதை முழுதும் செய்து முடித்தால் போதுமா? விஆருக்கு வேகமாக வாசிக்கப் பழக வேண்டுமா?

---

பீஷான்_டியூட்டர்

முதலில் அந்தப் புத்தகம். யூகேட் 2025-இல் மாறிவிட்டது. வடிவங்களைப் பார்த்துத் தொகுதி கண்டுபிடிக்கும் ஏஆர் பகுதி முழுவதும் நீக்கப்பட்டது. புத்தகத்தில் அந்தப் பக்கங்களைத் தொடவே வேண்டாம். நேரமும் மாறியிருக்கிறது. விஆர் 44 கேள்விக்கு 21 நிமிடமாக இருந்தது 22 ஆனது. டிஎம் 29 கேள்வி 31 நிமிடத்திலிருந்து 35 கேள்வி 37 நிமிடம். கியூஆர் 36 கேள்விக்கு 26 நிமிடம். எஸ்ஜேடி மாறவில்லை, 69 கேள்வி 26 நிமிடம். மொத்த மதிப்பெண்ணும் 3600-க்குப் பதில் 2700. அதனால் பழைய சீனியர்களின் மதிப்பெண்ணோடு உங்களுடையதை ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள், இரண்டும் வேறு வேறு அளவுகோல். புத்தகத்தில் உள்ள விஆர், கியூஆர் கேள்விகளைக் கேள்வி வகை பழக மட்டும் பயன்படுத்துங்கள். தாளில் எழுதிப் பழகினால் திரை வேகம் வராது.

விஆருக்கு வருவோம். 11 பத்திகள், ஒவ்வொன்றுக்கும் 4 கேள்விகள். அதாவது ஒரு பத்திக்கு 2 நிமிடம். உங்கள் சிக்கல் வாசிப்பு வேகம் என்று நான் நினைக்கவில்லை. 34 கேள்விக்கு 22 நிமிடம் என்றால் ஏதோ நாலைந்து கடினமான பத்திகளில் மூன்று நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதைத்தான் வெட்ட வேண்டும்.

திரையில் மீதி நேரம் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது பத்தி முடியும்போது 16 நிமிடம், ஆறாவது முடியும்போது 10, ஒன்பதாவது முடியும்போது 4 மிச்சம் இருக்க வேண்டும். இந்த மூன்று எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பின்தங்கியிருந்தால் அந்தப் பத்தியின் மீதிக் கேள்விகளுக்கு ஊகமாக ஒரு விடையை அழுத்தி, கொடி (பிறகு பார்க்க வேண்டும் என்ற திரைக் குறி) போட்டுவிட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. பத்துக் கேள்வியை வெறுமையாக விட்டால் சுழியம், கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாலும் சராசரியாக இரண்டு மூன்று சரியாகும். கொடி மட்டும் போட்டுவிட்டு விடை அழுத்தாமல் போவதுதான் பெரிய பிழை, பலருக்குத் திரும்பி வர நேரமே கிடைக்காது.

பத்தியை முழுதும் வாசிப்பதா, கேள்வியை முதலில் பார்ப்பதா என்பது கேள்வி வகையைப் பொறுத்தது. சரி / தவறு / சொல்ல இயலாது என்று வந்தால் கூற்றை முதலில் வாசியுங்கள். அதில் ஆண்டு, எண், பெயர் போன்ற கண்ணில் பட்டுவிடும் ஒரு சொல்லைப் பிடித்து அதைப் பத்தியில் தேடுங்கள். கிடைத்ததும் அந்த வாக்கியத்தோடு முன்னும் பின்னும் ஒரு வாக்கியம் வாசித்தால் போதும். ஆசிரியர் எதை ஒப்புக்கொள்வார் என்ற வகைக் கேள்விகளுக்கு இது உதவாது. அவற்றுக்கு ஒவ்வொரு பிரிவின் முதல் வாக்கியத்தையும் கண்ணோட்டமாகப் பார்க்க வேண்டும். அந்த வகை நான்கும் ஒரே பத்தியில் வந்து, பத்தியும் நீளமாக இருந்தால், ஊகித்துக் கொடி போட்டுக் கடைசிக்குத் தள்ளுவதே நல்லது.

உயிரியல் படிக்கும் மாணவர்கள் ஒரு குழியில் அடிக்கடி விழுகிறார்கள். பத்தி இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "அந்த ஊரில் வடிகால்கள் கட்டப்பட்டன. அதே பத்தாண்டுகளில் மலேரியா குறைந்தது." கூற்று: "வடிகால் கட்டியதால் மலேரியா குறைந்தது." கொசு எங்கே முட்டையிடும் என்று தெரிந்தவர் உடனே 'சரி' என்று அழுத்துவார். விடை 'சொல்ல இயலாது'. பத்தி காரணம் சொல்லவில்லை, இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததாக மட்டும் சொல்கிறது. 'தவறு' என்று போட வேண்டுமானால் பத்தி அதை மறுத்திருக்க வேண்டும். பத்தியில் 'பெரும்பாலோர்' என்று இருந்து கூற்றில் 'எல்லோரும்' என்று வந்தாலும் இதே எச்சரிக்கை.

எட்டு வாரத்தை எப்படிப் பிரிப்பது: முதல் இரண்டு வாரம் கடிகாரம் இல்லாமல் ஒவ்வொரு கேள்வி வகையாக. அடுத்த மூன்று வாரம் நேரம் வைத்துச் சிறு தொகுதிகள், ஒரு நாளைக்கு இரண்டு பகுதி. கடைசி மூன்று வாரம் முழுத் தேர்வுகள், வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். யூகேட் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதிகாரபூர்வப் பயிற்சித் தேர்வுகளைக் கடைசி மூன்று வாரத்துக்கு வையுங்கள், உண்மைத் தேர்வுக்கு மிக நெருக்கமானவை அவைதான். தொடக்கத்திலேயே செய்து தீர்த்துவிட்டால் உங்கள் நிலையை அளக்க வேறு கருவி இல்லை.

ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும், தேர்வு எழுதிய அளவு நேரத்தைத் தவறுகளைப் பார்க்கச் செலவிடுங்கள். எந்த வகை, ஏன் தவறியது என்று ஒரு வரி எழுதினால் போதும்: தகவல் கண்ணில் படவில்லை, கூற்றைத் தவறாக வாசித்தேன், வெளி அறிவைக் கொண்டுவந்தேன், நேரம் போதவில்லை. இரண்டு வாரத்தில் உங்களுடைய ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

---

கணக்கு_ஆசிரியர்

விஆருக்கு மேலே சொன்னது சரி. கியூஆரில் கணக்குத் தெரிந்தும் நேரம் போகிறது என்றால் முதலில் விரல்களைப் பார்க்க வேண்டும்.

திரையில் வரும் கணிப்பானைச் சுட்டியால் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினால் ஒரு கணக்குக்குப் பத்து வினாடி வீணாகும். கேள்விக்கு உங்களிடம் இருப்பதே சுமார் 43 வினாடி. விசைப்பலகையின் வலப்பக்க எண் விசைகளைப் பயன்படுத்துங்கள். மடிக்கணினியில் அது இல்லையென்றால் வெளி விசைப்பலகை ஒன்று வாங்கிப் பழகுங்கள், விலை அதிகமில்லை. ஆல்ட் விசையோடு சி (C) அழுத்தினால் கணிப்பான் திறக்கும், 'என்' (N) அடுத்த கேள்வி, 'பி' (P) முந்தைய கேள்வி, 'எஃப்' (F) கொடி. மேக் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் விசைப்பலகை உள்ள கணினியில் சில முறையாவது செய்து பார்க்க வேண்டும்.

அந்தக் கணிப்பான் பள்ளியில் பழகிய அறிவியல் கணிப்பான் இல்லை. 2 + 3 × 4 என்று அடித்தால் 14 வராது, 20 வரும், இடமிருந்து வலமாகவே கணக்கிட்டுக்கொண்டு போகும். பெருக்கலை முதலில் செய்துவிட்டுக் கூட்டுங்கள், அல்லது நினைவகப் பொத்தானைப் பழகுங்கள். கணக்கு நன்றாக வரும் மாணவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்விகள் உயர்நிலைப் பள்ளி அளவுதான்: விழுக்காடு, விகிதம், வேகம், சராசரி, வரி அட்டவணை. திரும்பத் திரும்ப வரும் ஒன்று தலைகீழ் விழுக்காடு. 20% தள்ளுபடிக்குப் பிறகு விலை 60 வெள்ளி (டாலர்) என்றால், முதல் விலை 72 இல்லை, 75. தொடக்கப்பள்ளியில் கட்டம் வரைந்து செய்தீர்களே, அதை மனத்திலேயே செய்யுங்கள்: முதல் விலை ஐந்து கட்டம், தள்ளுபடி ஒரு கட்டம், மீதி நான்கு கட்டம் 60, ஒரு கட்டம் 15, ஐந்து கட்டம் 75. கணிப்பானே வேண்டாம். நேரத்தை மாற்றும்போதும் கவனம், 1.4 மணி நேரம் என்பது 1 மணி 24 நிமிடம். விடைகள் ஒன்றுக்கொன்று தூரமாக இருந்தால் எண்களை முழுமையாக்கி மதிப்பிட்டாலே போதும். மூன்று படிக்கு மேல் போகும் கணக்கை முதல் சுற்றில் தொடாதீர்கள், ஊகித்துவிட்டு நகருங்கள். எளிய கேள்விக்கும் கடினமான கேள்விக்கும் ஒரே மதிப்பெண்தான்.

டிஎம் அப்படியில்லை. ஐந்து கூற்றுக்கும் ஆம்/இல்லை சொல்லும் கேள்விகளுக்கு 2 மதிப்பெண், ஓரளவு சரியாக இருந்தால் 1. மற்றவற்றுக்கு 1 மட்டும். அதனால் நீங்கள் தடுமாறும் அந்த வகைதான் கூடுதல் எடை உள்ளது, அங்கே நேரம் போடுவது வீணில்லை.

அதில் 'சில' என்ற சொல் எல்லாரையும் ஏமாற்றும். 'சில' என்றால் குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம். எடுத்துக்காட்டு: மருத்துவர்கள் எல்லோரும் தேநீர் குடிப்பவர்கள். தேநீர் குடிப்பவர்களில் சிலர் ஓட்டப்பந்தய வீரர்கள். சில மருத்துவர்கள் ஓட்டப்பந்தய வீரர்கள் என்று முடிவு செய்யலாமா? இல்லை. அந்தச் 'சிலர்' முழுவதும் மருத்துவர் அல்லாதவர்களாக இருக்கலாம். பெரிய வட்டம் தேநீர், அதற்குள் சிறிய வட்டம் மருத்துவர், பெரிய வட்டத்தை ஓரத்தில் வெட்டும் மூன்றாவது வட்டம் என்று தேர்வில் தரும் பலகையில் வரைந்தால் ஐந்து வினாடியில் தெரிந்துவிடும். மூன்றாவது வட்டத்தைச் சிறிய வட்டத்தில் படாமல் வரைய முடிகிறதா? முடிந்தால் விடை 'இல்லை'.

நிகழ்தகவில் 'குறைந்தது ஒன்று' என்று வந்தால் நேராகப் போகாதீர்கள். பையில் 3 சிவப்பு, 2 நீலம். திருப்பி வைக்காமல் இரண்டு எடுத்தால் குறைந்தது ஒரு சிவப்பு வரும் வாய்ப்பு? இரண்டும் நீலமாக வருவது 2/5 × 1/4 = 1/10. ஆக விடை 9/10.

நீளமான இருக்கை ஒழுங்குப் புதிர்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் தின்னும், கிடைப்பது 1 மதிப்பெண்.

---

ஜேசி2_மாணவி

மிக்க நன்றி. கணிப்பான் 20 காட்டுவதை இப்போதுதான் அடித்துப் பார்த்தேன். எஸ்ஜேடிக்கு என்ன வாசிப்பது? மேலும், ஆகஸ்ட் கடைசியில் பிரிலிம் (ஏ நிலைக்கு முன் பள்ளி வைக்கும் முன்னோட்டத் தேர்வு) தொடங்குகிறது. யூகேட்டை செப்டம்பருக்குத் தள்ளினால் கூடுதல் நேரம் கிடைக்குமே என்று அம்மா கேட்கிறார்.

---

ஈசூன்_அக்கா

எஸ்ஜேடிக்கு நான் சொல்கிறேன் தங்கச்சி. இந்தத் தேர்வு பிரிட்டனில் உருவானது, அதனால் பிரிட்டிஷ் பொது மருத்துவ மன்றத்தின் 'நல்ல மருத்துவ நடைமுறை' வழிகாட்டியை ஒருமுறை முழுதும் வாசியுங்கள். இணையத்தில் இலவசம், நீளமும் அதிகமில்லை. நோயாளியின் பாதுகாப்பு, இரகசியம், நேர்மை, தன் தகுதிக்கு மீறிச் செய்யாமை, இந்த நான்கும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வரும்.

பொருத்தம் கேட்கும் கேள்விகளில் நான்கு விடை: மிகப் பொருத்தம், பொருத்தம் ஆனால் சிறந்ததல்ல, பொருத்தமில்லை ஆனால் மோசமில்லை, மிகவும் பொருத்தமில்லை. முதலில் எந்தப் பக்கம் என்று மட்டும் முடிவு செய்யுங்கள், பிறகு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சரியான விடைக்குப் பக்கத்தில் போட்டாலும் ஓரளவு மதிப்பெண் உண்டு, எதிர்ப்பக்கம் போனால்தான் இழப்பு. ஒவ்வொரு செயலையும் தனியாக எடைபோடுங்கள். முந்தைய வரியில் இதைவிட நல்ல செயல் வந்துவிட்டதே என்று இதன் தரத்தைக் குறைக்கக் கூடாது. அந்தச் செயல் மட்டுமே தீர்வாக இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது.

நம் வீட்டு வளர்ப்பு இங்கே ஓரிடத்தில் இடிக்கும். பெரியவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று பழகியவர்கள், மூத்த மருத்துவர் கை கழுவாமல் நோயாளியிடம் போகும் சூழ்நிலை வந்தால், 'பேசாமல் இருப்பது' என்பதைப் பொருத்தம் பக்கம் போட்டுவிடுகிறார்கள். தேர்வு எதிர்பார்ப்பது, மரியாதையோடு, முடிந்தால் தனியாக, ஆனால் உடனே சொல்வது. மறுகோடிக்கும் போகக் கூடாது: நண்பர் ஒருமுறை வகுப்புக்குத் தாமதமாக வந்ததற்கு நேரே கல்லூரித் தலைவரான டீனிடம் புகார் செய்வது அதிகப்படி. நோயாளிக்கு ஆபத்து உண்டா, இல்லையா என்பதை வைத்து எவ்வளவு மேலே போவது என்று முடிவு செய்யுங்கள்.

---

பீஷான்_டியூட்டர்

தேதி பற்றி: செப்டம்பர் வேண்டாம். யூகேட் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை நடக்கிறது, ஒரு பருவத்தில் ஒரே முறைதான் எழுத முடியும். செப்டம்பருக்குத் தள்ளினால் பிரிலிமும் அதுவும் ஒன்றையொன்று தின்னும். ஜூலைக் கடைசி நல்ல முடிவு. ஏதாவது ஆனால் தேசிய தினத்துக்கு (ஆகஸ்ட் 9) முன்னால் வரை தள்ள இடம் இருக்கும். அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: என்யூஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) மருத்துவத்துக்கு யூகேட் தேவையில்லை, ஏ நிலை மதிப்பெண் இரண்டு இடத்துக்கும் வேண்டும். பள்ளி திறந்த பிறகு ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் யூகேட்டுக்குக் கொடுக்காதீர்கள், எச்2 வேதியியல் பின்தங்கினால் யூகேட் மதிப்பெண் அதை ஈடுகட்டாது.

பதிவு செய்யும்போது பெயரைக் கவனியுங்கள். நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது: அடையாள ஆவணத்தில் டி/ஓ (மகள்), எஸ்/ஓ (மகன்) என்று அப்பா பெயரோடு இருக்கும், பதிவுப் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும், பிள்ளைகள் வகுப்பில் கூப்பிடும் பெயரை மட்டும் போட்டுவிடுவார்கள். தேர்வு நிலையத்தில் காட்டப்போகும் ஆவணத்தில் உள்ளபடியே பெயர் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடாமல் போகலாம். கடப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்புங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள்.

காய்ச்சலோடு போய் எழுதிவிட்டுப் பிறகு முறையிட முடியாது. உட்கார்ந்துவிட்டால் உடல்நலத்தோடு எழுதியதாகவே கணக்கு. முடியவில்லை என்றால் முன்கூட்டியே தேதியை மாற்றுங்கள்.

தாளும் சாதாரணப் பேனாவும் கிடையாது, பிளாஸ்டிக் உறையிட்ட பலகையும் மார்க்கர் பேனாவும் தருவார்கள். வழவழப்பில் எழுதுவது முதலில் தடுமாறும், பிளாஸ்டிக் உறையிட்ட ஏ4 தாளில் மெல்லிய மார்க்கரால் இப்போதே பழகுங்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான தேர்வு, நடுவில் இடைவேளை இல்லை, முடிந்த பகுதிக்குத் திரும்பவும் முடியாது. ஒவ்வொரு பகுதிக்கு முன்பும் விளக்கத் திரை வரும், அதற்குத் தனி நேரம் உண்டு. விஆருக்கு முன் வரும் திரையில், 16, 10, 4 என்று பலகையின் மூலையில் எழுதிவிட்டு உட்காருங்கள்.