காலநிலை அறிக்கைகளில் ‘கான்ஃபிடன்ஸ்’, ‘அக்ரிமென்ட்’ ஆகியவற்றுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கைச் சுருக்கங்களைத் தமிழாக்கும்போது ‘கான்ஃபிடன்ஸ்’ என்பதற்கு நம்பிக்கை என்றும் ‘அக்ரிமென்ட்’ என்பதற்கு உடன்பாடு என்றும் கொள்ளலாம் என முன்மடலில் நண்பர் ஒருவர் பரிந்துரைத்திருந்தார். இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

இச்சொற்களை அக்குழு அன்றாடப் பொருளில் ஆள்வதில்லை. ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கைக்காக 2010இல் வகுத்த நெறிமுறைப்படி, சான்றுகள் எவ்வளவு வலுவானவை என்பதையும் அவை எந்த அளவுக்கு ஒரே திசையைக் காட்டுகின்றன என்பதையும் (இதுவே ‘அக்ரிமென்ட்’) சேர்த்து எடைபோட்டே, மிகக் குறைவு முதல் மிக உயர்வு வரையிலான ஐந்து படிகளில் ‘கான்ஃபிடன்ஸ்’ குறிக்கப்படுகிறது. ‘கடல்மட்டம் தொடர்ந்து உயரும் என்பதில் மிகுந்த நம்பிக்கை உள்ளது’ என்று எழுதினால், அறிவியலாளர்கள் அதற்காக ஆவலோடு காத்திருப்பதுபோல் அல்லவா படும்? (‘கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்’ என்பதற்குப் புள்ளியியல் பாடநூல்களில் நிலைத்துவிட்ட ‘நம்பிக்கை இடைவெளி’யை நான் அசைக்க விரும்பவில்லை.) உறுதி என்ற சொல்லையும் இங்கே செலவழித்துவிடக் கூடாது, 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நிகழ்தகவைச் சுட்டும் ‘வர்ச்சுவலி சர்ட்டன்’ என்பதை ‘ஏறத்தாழ உறுதி’ என்று எழுத அது தேவைப்படும்.

என் பரிந்துரை துணிபு. ‘என்பது அறிஞர் துணிபு’ என்று இன்றும் எழுதுகிறோம். ஆராய்ந்து அடைந்த முடிவு என்ற பொருளை அச்சொல் ஏற்கெனவே சுமப்பதால், குறைந்த துணிபு, உயர்ந்த துணிபு என்று படிகளை அதன்மேல் ஏற்றுவது எளிது.

அடுத்து ‘அக்ரிமென்ட்’. உடன்பாடு என்பது நாடுகள் கையெழுத்திடும் ஒன்று. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்பாடு பேசப்படும் அதே பக்கத்தில் அச்சொல் வந்தால் குழப்பமே மிஞ்சும். கருத்தொருமை ஆட்களிடையே நிலவுவது. இங்கே ஒத்துப்போக வேண்டியவை தனித்தனி ஆய்வுகளின் முடிவுகள் என்பதால் முடிவொருமை என ஆக்கிக்கொள்ளலாம்.

நிகழ்தகவுப் படிகளில் ஒன்றான ‘லைக்லி’ என்பதற்கு வெறும் ‘வாய்ப்புண்டு’ போதாது. ‘மழைக்கு வாய்ப்பு’ என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய காதுக்கு அது 66 விழுக்காட்டுக்கு மேல் என்று தோன்றாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலான வெப்பமேற்றத்துக்கு மனிதச் செயல்களே முதன்மைக் காரணம் என்பதை 2001 அறிக்கை 66 விழுக்காட்டைத் தாண்டிய படியிலும், 2007 அறிக்கை 90ஐத் தாண்டிய படியிலும், 2013 அறிக்கை 95ஐத் தாண்டிய படியிலும் வைத்தன. 2021 அறிக்கையோ, மனிதத் தாக்கம் புவியை வெப்பமாக்கியுள்ளது என்பதைப் படிகளை விட்டுவிட்டு, ஐயத்துக்கு இடமற்றது என்றே கூறியது. எல்லாவற்றையும் ‘வாய்ப்பு அதிகம்’ என்று பெயர்த்தால் இந்த இருபதாண்டு நகர்வு தமிழில் காணாமற்போகும். வாய்ப்பு மிகுதி, வாய்ப்பு மிக மிகுதி என வரிசைப்படுத்தி, அருகில் விழுக்காட்டையும் அச்சிட வேண்டும் என்பது என் கருத்து.

அன்புடன்.

மறுமொழி:

வணக்கம் ஐயா. துணிபை மனமார ஏற்கிறேன். துணிச்சலை நினைவூட்டும் என்று யாரேனும் தடை சொன்னால், முதல் முறை வருமிடத்தில் ‘ஆய்வுத் துணிபு’ என்று அடைகொடுத்தால் போதும். முடிவொருமையைத்தான் ஏற்க இயலவில்லை. ஒருமை இருக்கும் அல்லது இராது. அதற்குப் படிகள் கிடையா என்பதால் ‘குறைந்த முடிவொருமை’ தன்னையே மறுக்கும் தொடராகிவிடுகிறது. இணக்கம் கூடவும் குறையவும் வல்லது. ஆகவே ‘முடிவிணக்கம்’ என்று வைத்து, ‘சான்று நடுத்தரம், முடிவிணக்கம் குறைவு, துணிபு குறைவு’ என அட்டவணையில் எழுதிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. தங்களுக்கு மறுப்பில்லையெனில் இவ்வடிவையே கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம்.