ஈ-ரேட் கோப்புகள்: கொழும்பிலிருந்து செய்பவர்கள் எங்கே பிழைவிடுகிறார்கள்?

வெள்ளவத்தை அண்ணா:
அமெரிக்கப் பாடசாலை, நூலகங்களின் இணையக் கட்டணத்தில் ஈ-ரேட் என்ற அமெரிக்க அரசுத் திட்டம் 20 முதல் 90 வீதம் வரை கழிவு தருகிறது. அவர்களுக்காக அந்த விண்ணப்பக் கோப்புகளைக் கொழும்பிலிருந்து தயாரிப்பவர்களுக்குத்தான் இது. மதிய உணவுச் சலுகை பெறும் பிள்ளைகளின் வீதத்தையும், இடம் நகரமா கிராமமா என்பதையும் வைத்துத்தான் கணக்கு. கட்டடத்துக்குள் பூட்டும் சுவிட்ச், வைஃபை சாமான்களுக்கு உச்சம் 85.

தகுதி இருந்தும், ஒழுங்கு மாறினால் கோப்பு மறுக்கப்படலாம். கம்பனிகளிடம் விலைமனுக் கேட்கும் படிவம் 470 வெளியானபின் 28 நாள் முழுதாகக் கழிய வேண்டும். அதற்குமுன் கம்பனியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் பணம் போச்சு. கேள்விப்பத்திரம் (வேலையின் விபரம் சொல்லி விலைமனுக் கோரும் ஆவணம்) இருந்தால் 470 உடனேயே ஏற்றுங்கள். பிறகு வேலையின் அளவைப் பெரிதாக மாற்றினால் 28 நாளும் முதலிலிருந்து எண்ணப்படும். ஒரு கம்பனியின் மொடலைக் கேட்டால் "அல்லது அதற்கு இணையானது" என்று சேருங்கள்.

விலைமனுக்களுக்குப் புள்ளி போடும்போது விலைக்குத்தான் ஆகக்கூடிய புள்ளி. விலைக்கு 30, அனுபவத்துக்கும் 30 என்றால் பிழை. விலைக்கு 35, அனுபவத்துக்கு 30 என்றால் சரி. கழிவுக்குத் தகுதியான பொருட்களின் விலையை மட்டும் ஒப்பிடுங்கள்.

கொட்டாஞ்சேனை:
அண்ணா சொன்னதோடு நேரத்தையும் பாருங்கோ. கம்பனியைத் தெரிந்தபின் கழிவுக்கு விண்ணப்பிக்கும் படிவம் 471க்கான கடைசி நேரம் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 11.59. மார்ச்சில் அங்கே மணிக்கூட்டை மாற்றியபின் என்றால், இங்கே மறுநாள் காலை 9.29. மாற்ற முதல் என்றால் 10.29. ஒரு மணித்தியாலம் இருக்கென்று நம்பி ஆறுதலாக இருக்கக்கூடாது.

பரிசீலகர் கேள்வி அனுப்பினால் பதிலுக்கு 15 நாள். அது கோடை விடுமுறையில் வந்தால் பாடசாலையில் பார்க்க ஆள் இராது. தொடர்புக்கு இரண்டாவது ஆளின் மின்னஞ்சலையும் முதலே கொடுத்து வையுங்கள்.

தெஹிவளை அக்கா:
பணம் ஒதுக்கிய கடிதம் வந்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. சேவை தொடங்கிய நாள், கடிதத் திகதி, இரண்டில் பிந்தியதிலிருந்து 120 நாளுக்குள், சேவை தொடங்கியதை அறிவிக்கும் படிவம் 486 போக வேண்டும். பிந்தினால் சேவை தொடங்கிய நாளையே பிந்திய ஒரு நாளுக்கு மாற்றிவிடுவார்கள். அதற்கு முந்திய மாதங்களின் கழிவு பாடசாலையின் தலையில் விழும். பிள்ளைகளுக்கான இணைய வடிகட்டி பற்றிய உறுதிமொழியும் அந்தப் படிவத்தில்தான். ஆசிரியர்களின் கணினிக்கும் வடிகட்டி வேண்டும்.

மாதாந்த இணையச் சேவை ஜூன் 30இல் முடிந்தால், பணம் கேட்கும் படிவத்துக்கு வழமையாக ஒக்டோபர் 28 கடைசி. முடியாவிட்டால் அந்தத் திகதிக்குள் விண்ணப்பித்து இன்னொரு 120 நாள் எடுக்கலாம், ஒரு தரம் மட்டும். பில், புள்ளித்தாள், தோற்ற விலைமனுக்கள் எல்லாவற்றையும் 10 வருடம் வைத்திருக்க வேண்டும். கணக்காய்வில் தோற்றவர்களின் மனுக்களையும் கேட்பார்கள். அவைதான் பலரிடம் இருப்பதில்லை.