மறுமொழி: குடைமிளகாய்க்கு ‘நுனி அழுகல்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

குடைமிளகாய்க் காயின் கீழ்ப்பக்கம் பழுப்பாகிக் கறுத்து, தோல்போல் தடித்துக் குழிந்துபோகும் குறைபாட்டுக்கு (ஆங்கிலத்தில் blossom-end rot) தமிழில் ‘நுனி அழுகல்’ என்ற சொல் இங்கே முன்வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘அழுகல்’ என்ற சொல்லை நம்பி ஒரு பருவக் காயைப் பறிகொடுத்தவன் நான்.

ஓசூரில் எங்கள் வீட்டு மாடியில் சிறிய பசுமைக்குடில் இருக்கிறது. தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் நிரப்பிய 12 தொட்டிகள். போன கோடையில் காய்கள் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் கறுப்பு விழுந்தது. கடையில் போய் “காய் அழுகுகிறது” என்றேன், பூஞ்சணக்கொல்லி கொடுத்தார்கள். மூன்று முறை தெளித்தும் பயனில்லை. எப்படி இருக்கும்? இது பூஞ்சணத்தால் வருவதே இல்லை. கறுத்த இடத்தில் அது பிறகு வந்து குடியேறும், அவ்வளவுதான்.

காய்க்குச் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) போதுமான அளவு எட்டாததுதான் காரணம். அது நீரோடு சேர்ந்தே செடிக்குள் ஏறுகிறது. நீரை மிகுதியாக ஆவியாக்கும் இலைகள் அதில் பெரும்பங்கை இழுத்துக்கொள்கின்றன. காய்க்குப் போவது சொற்பம், காம்புக்கு எதிர்ப்பக்கத்துக்கு அதிலும் மிச்சம் மீதி. தொட்டி ஒரு நாள் வறண்டு மறுநாள் மிதந்தால் அந்த மிச்சமும் எட்டாது. சனி, ஞாயிறு ஊருக்குப் போய்விட்டுத் திங்களன்று குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தேன். சொட்டுநீர்க் குழாய் போட்டு, காலையும் மாலையும் அளவாக விடத் தொடங்கிய பின் பிடித்த பிஞ்சுகள் பழுதில்லாமல் வந்தன.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘நுனிக்கருகல்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மிளகாயில் அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு பூஞ்சண நோய்க்கு வழங்குகிறது. ‘பழ அழுகல்’ என்பதும் அதனோடு சேர்த்தே சொல்லப்படுவது. ஆகவே இரண்டும் வேண்டாம். ‘நுனி’க்குப் பதிலாக ‘அடி’ என்றால் தொங்கும் காயில் கீழ்ப்பக்கமா, காம்புப் பக்கமா என்ற குழப்பம் வரும். பூ உதிர்ந்த இடம் என்பதால் ‘பூமுனை’ தெளிவாக இருக்கிறது.

‘சுண்ணக்குறை’ என்றால் உடனே சுண்ணாம்பு வாங்க ஓடுவார்கள். மண்ணில் அது போதுமான அளவு இருந்தும் காய்க்கு எட்டாமல் போவதுதான் பெரும்பாலும் நடப்பது. ‘சுண்டல்’ என்று எழுதிப் பார்த்து நானே சிரித்துவிட்டேன்.

என் முன்மொழிவு: பூமுனைச் சூம்பல். ஊட்டம் எட்டாமல் வற்றிச் சிறுத்த கையையும் காலையும் ‘சூம்பிப் போனது’ என்றுதானே சொல்கிறோம்? அதில் கிருமியின் வாடை இல்லை. “பூமுனை சூம்பிவிட்டது” என்று வினையாகவும் இயல்பாக வருகிறது. தக்காளிக்கும் தர்ப்பூசணிக்கும் இதே குறைபாடு உண்டு, அங்கும் பொருந்தும்.

ஒரே தயக்கம்: சூம்பல் என்றால் காய் முழுவதும் சிறுத்ததாக யாருக்காவது தோன்றுமா? தோட்டம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.