உப்புவெளி மணலுக்கு மலிவு விலை ரோபோ கிளீனர் தாக்குப்பிடிக்குமா?

கேள்வி: உப்புவெளி மகள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு உப்புவெளியில், நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. விறாந்தையும் முன் கூடமும் பழைய சிவப்புச் சீமெந்துத் தரை. சுவரோரமாக ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புச் சீமெந்துக் கரை ஓடுகிறது. பின்னால் கட்டிச் சேர்த்த இரண்டு அறைகளும் குசினியும் டைல்ஸ் பதித்தவை. கச்சான் வீசும் மாதங்களில் புழுதியும், மற்றக் காலமெல்லாம் கால்களோடு ஏறி வரும் கடல் மணலும் வீட்டை விட்டுப் போவதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. ஆனாலும் காலையும் மாலையும் தும்புத்தடியைத் தானே எடுக்கிறார், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்.

கூட்டவும் துடைக்கவும் கூடிய ரோபோ ஒன்றை 50,000 ரூபாய்க்குள் வாங்க எண்ணியிருக்கிறேன். இரண்டு மாதிரிகள் கண்ணில் பட்டன. ஒன்று ஜைரோஸ்கோப் மூலம், அதாவது தான் திரும்பும் கோணத்தை உணரும் கருவி மூலம், வழியறிவது. பெட்டியில் உறிஞ்சும் அழுத்தம் 4000 பாஸ்கல் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். 2600 மில்லி அம்பியர் மணி பற்றரி. தூசிப் பெட்டியும் தண்ணீர்த் தாங்கியும் ஒன்றாக இணைந்தவை. மற்றது லைடார், அதாவது லேசர் கதிரால் சுற்றுப்புறத்தை அளக்கும் கருவி, உள்ளது. அதற்கு 2700 பாஸ்கல்தான், ஆனால் பற்றரி 5200. சீனச் சந்தைக்கென்று தயாரிக்கப்பட்டதால் இணையத்தில்தான் தருவிக்க வேண்டும்.

பாஸ்கல் கூடியதைத்தான் எடுக்க வேண்டுமா? துடைக்கும் வசதி உண்மையில் துடைக்கிறதா, அல்லது தரையை நனைத்துவிட்டுப் போகிறதா? கடலோர வீட்டில் பயன்படுத்தியவர்களின் கருத்து கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: திருமலை மின்திருத்துநர்

சகோதரி, பாஸ்கல் கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விற்பவர்கள் அதைத்தான் முன்னால் நீட்டுகிறார்கள். பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு. 4000 பாஸ்கல் என்றால் ஒரு குழாயில் தண்ணீரை ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் உயரத்துக்கு இழுக்கக்கூடிய அழுத்த வேறுபாடு. இந்த அளவு பொதுவாகக் காற்றுப் பாதையை அடைத்து வைத்து எடுக்கப்படுகிறது. பாதை திறந்து காற்று ஓடத் தொடங்கியதும் அழுத்தம் விழுந்துவிடும். வயரோடு வரும் சாதாரண வாக்கும் கிளீனர் 20,000 பாஸ்கல் அளவில் இழுக்கிறது என்பதை நினைத்தால், 2700க்கும் 4000க்கும் இடையிலான தகராறு எவ்வளவு சிறியது என்பது விளங்கும். மணலைத் தரையிலிருந்து கிளப்பிப் பெட்டிக்குள் எறிவது பெரும்பாலும் நடுவில் சுழலும் உருளைத் தூரிகைதான். உறிஞ்சு காற்று அதற்குத் துணை, அவ்வளவே. எனவே இயந்திரத்தைக் கவிழ்த்து, உருளை இருக்கிறதா, அதைக் கையால் கழற்ற முடிகிறதா, இரு முனைகளிலும் சிக்கிய முடியை வெட்டியெடுக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். மிக மலிவான சில மாதிரிகளில் உருளையே கிடையாது, ஓர் உறிஞ்சு வாய் மட்டும் இருக்கும். கடற்கரை வீட்டுக்கு அவை உதவா.

என் மேசைக்குத் திருத்த வரும் இயந்திரங்களில் மோட்டார் எரிந்து வருவது குறைவு. முன்னால் தானாகத் திரும்பும் சிறு சக்கரத்தின் அச்சில் மணல் ஏறி இறுகியவைதான் அதிகம். அந்தச் சக்கரம் சுழலாமல் தரையில் இழுபட்டால், ஜைரோஸ்கோப் இயந்திரத்தின் கணக்கு முழுவதும் பிழைக்கும். காரணம், அது தான் எவ்வளவு தூரம் வந்தேன் என்பதைச் சக்கரச் சுழற்சியையும் தரையைப் பார்க்கும் ஒளியுணரியையும் வைத்தே மதிப்பிடுகிறது. சக்கரம் மணலில் வழுக்கினால், வராத தூரத்தை வந்ததாக எண்ணிக்கொள்ளும். அந்தப் பிழை ஓட ஓடச் சேர்ந்து, கடைசியில் ஓர் அறை விடுபட்டுப்போகும். லைடார் உள்ளது சுவர்களை லேசர் கதிரால் அளந்துகொண்டே இருப்பதால், சக்கரம் பொய் சொன்னாலும் திருத்திக்கொள்ளும். உங்கள் வீட்டுக்கு லைடார் என்று நான் சொல்வதற்கு முதற் காரணம் இதுதான். வரைபடத்தைச் சேமித்து, 'இந்த இடத்துக்குப் போகாதே' என்று செயலியில் கோடு போட்டு வைக்கலாம் என்பது இரண்டாவது. ஜைரோஸ்கோப் வகையில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது.

லைடார் வகைக்கும் குறைகள் உண்டு. மேலே உள்ள லேசர் மேட்டினால் அதன் உயரம் 10 சென்ரிமீற்றரைத் தொடும். மற்றது 8 அளவில் நிற்கும். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து பாருங்கள். தரை வரை நிலைக்கண்ணாடி பதித்த அலுமாரி இருந்தால், கண்ணாடிக்குள் இன்னோர் அறை இருப்பதாக லைடார் வரைந்துகொள்வதும் நடக்கும்.

பற்றரியைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 14.4 வோல்ற்றில் 2600 மில்லி அம்பியர் மணி என்பது 37 வாற்று மணி. இயந்திரம் 30 முதல் 40 வாற்று எடுப்பதால், ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஓடும். 5200 என்றால் அதன் இரு மடங்கு. மின்கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். சிறிய பற்றரியை ஒரு முறை நிரப்ப, இழப்பையும் சேர்த்து 50 வாற்று மணி என்று வைத்தாலும், ஓர் அலகு மின்சாரத்தில் இருபது முறை நிரப்பலாம்.

பதில்: கிண்ணியா வீட்டிலிருந்து

எங்கள் வீட்டில் லைடார் உள்ள ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் வாப்பா கட்டாரிலிருந்து வரும்போது கொண்டுவந்தார். துடைக்கும் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், கூட்டும் பகுதியில் எனக்குக் குறையே இல்லை.

இந்த விலையில் வருபவை ஈரத்துணி ஒன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகின்றன. துணியை அழுத்தித் தேய்க்கும் விசை கிடையாது. வட்டமாகச் சுழலும் இரட்டைத் துணிகள் விலை கூடியவற்றில்தான் வருகின்றன. ஆகவே, கூட்டிய பிறகும் தரையில் ஒட்டியிருக்கும் மெல்லிய தூசு துணியில் வந்துவிடும், வெறுங்காலோடு நடந்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் காய்ந்த தேநீர்த் துளி, பல்லி எச்சம், குசினியில் தெறித்த எண்ணெய் ஆகியவை அப்படியே இருக்கும். சில வேளை எண்ணெய் இன்னும் அகலமாகப் பூசப்பட்டிருக்கும். கையால் துடைப்பதை அது முற்றாக நிறுத்தவில்லை. வாரத்தில் ஒரு முறை போதும் என்ற அளவுக்குக் குறைத்திருக்கிறது.

மணல் உள்ள வீட்டில் கூட்டுவதையும் துடைப்பதையும் ஒரே ஓட்டத்தில் விடாதீர்கள். உருளை தவறவிட்ட மணல் ஈரத்துணியில் ஒட்டி வீடு முழுக்க இழுபடும். டைல்ஸின் பளபளப்பையும், உங்கள் சிவப்புச் சீமெந்தின் மெருகையும் அதுவே கீறிவிடும். முதலில் துணித்தட்டைக் கழற்றிவிட்டுக் கூட்ட விடுங்கள். பெட்டியை வெறுமையாக்கிய பின்பு துணியை நனைத்துப் பிழிந்து மாட்டி, துடைக்க மட்டும் அனுப்புங்கள். தூசியும் தண்ணீரும் ஒரே பெட்டியில் இருக்கும் மாதிரியில் இது எரிச்சலான வேலை, ஏனென்றால் தூசியைக் கொட்டும் ஒவ்வொரு முறையும் தண்ணீரையும் கையில் தூக்க வேண்டியிருக்கிறது.

தண்ணீர் எப்படி இறங்குகிறது என்பதையும் கடையில் கேளுங்கள். சிறு மின்பம்பி இருந்தால் அளவைச் செயலியில் கூட்டிக் குறைக்கலாம், இயந்திரம் நின்றால் தண்ணீரும் நிற்கும். பம்பி இல்லாமல் தானாகக் கசியும் வகை, ஓரிடத்தில் சிக்கி நின்றாலும் கசிந்துகொண்டே இருக்கும். எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை விடும் நீர். அதை அந்தத் தாங்கியில் ஊற்றினால் நுண்துளைகள் அடைபடும். நான் குடிப்பதற்கு வடிகட்டிய நீரையே ஊற்றுகிறேன். ஒரு முறைக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவுதானே போகிறது. பினாயில், டெற்றோல் எதையும் கலக்க வேண்டாம். ரப்பர் வளையங்களும் பம்பியும் பழுதாகும்.

பன்பாய், தொழுகை விரிப்பு எல்லாவற்றையும் துடைப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும். இந்த விலையில் துணியைத் தூக்கிக்கொண்டு பாயின் மேல் ஏறும் வசதி கிடையாது. மாரி காலத்தில் துணி காயாமல் புளித்த வாடை வரும், அதனால் மாற்றுத் துணிகள் இரண்டேனும் வைத்திருங்கள். குசினியில் தேங்காய்ப் பூ சிந்திய நாளில் பெட்டியை உடனே கொட்டாவிட்டால், மறுநாள் காலையில் எறும்புகள் இயந்திரத்துக்கே குடிவந்திருக்கும்.

பதில்: உவர்மலை ஓய்வூதியர்

மன்னிக்க வேண்டும், நான் சற்று மாறுபடுகிறேன். 50,000 ரூபாய் சிறிய தொகை அல்ல. அதே பணத்துக்குள் வயரோடு வரும் நல்ல வாக்கும் கிளீனர் ஒன்றும், குனியாமல் துடைக்கும் நீண்ட பிடியுள்ள தட்டையான மொப் ஒன்றும் வாங்கி, மீதியும் வைத்திருக்கலாம். அவை பத்து ஆண்டுகள் உழைக்கும். இந்த ரோபோவின் பற்றரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். நிலைப்படி உள்ள பழைய வீடுகளில் அது ஓர் அறையிலிருந்து மறு அறைக்குத் தானாகப் போகவும் மாட்டாது. எங்கள் வீட்டில் உள்ளதை மகன் தூக்கித் தூக்கி வைக்கிறான். தூக்கி வைக்கக் குனிவதானால் கூட்டுவதற்கே குனிந்துவிடலாமே!

வாங்குவதே முடிவென்றால், உள்ளூரில் உத்தரவாதம் தரும் கடையில் வாங்குங்கள். சீனச் சந்தை மாதிரியில் குரல் அறிவிப்பு சீன மொழியில் இருக்கும். செயலியில் பிரதேசத்தைச் சீனா என்று தெரிவு செய்தால்தான் அது இணையும் என்ற நிலையும் உண்டு. சார்ஜரின் தட்டையான முள் நமது சுவர்ச் செருகியில் ஏறாது. அதற்கு இணைப்பான் கிடைக்கும். ஆனால் உள்ளீடு 100 முதல் 240 வோல்ற்று வரை என்று சார்ஜரில் எழுதியிருக்கிறதா என்பதைப் பார்க்காமல் நமது 230 வோல்ற்றில் மாட்டக் கூடாது. தூரிகை, வடிகட்டி, துணி மூன்றும் தனியாக வாங்கக் கிடைக்கின்றனவா என்பதைக் கடைக்காரரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

பதில்: திருமலை மின்திருத்துநர்

ஐயா சொல்லும் நிலைப்படிச் சிக்கல் உண்மையானது. இவை ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் உயரம் வரைதான் ஏறும். ஓரம் செங்குத்தாக இருந்தால் அதற்கும் குறைவு. இருபுறமும் சரிவாகச் செதுக்கிய பலகைத் துண்டு ஒன்றை நிலைப்படியோடு பொருத்தினால், 30 மில்லிமீற்றர் படியைக் கூடத் தாண்ட வைக்கலாம். ஆனால் உத்தரவாதம் உள்ள கடை என்பதில் நான் ஐயாவின் பக்கம். லைடார் வேண்டும், ஆனால் சர்வதேச மாதிரி வேண்டும் என்று தேடுங்கள், பாஸ்கல் 2500 இருந்தாலும் போதும். வயரோடு வரும் கிளீனரை விட இது மேல் என்று நான் சொல்லவில்லை. அதை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியவர் முழங்கால் வலியுள்ள அம்மா என்பதால்தான் ரோபோவுக்கு வாக்களிக்கிறேன்.

உங்கள் கேள்வியில் என்னை யோசிக்க வைத்தது கறுப்புக் கரை. இயந்திரத்தின் அடியில் உள்ள உணரிகள் அகச்சிவப்பு ஒளியைத் தரைக்கு அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கின்றன. வராவிட்டால் எதிரே படிக்கட்டுப் பள்ளம் என்று எண்ணிப் பின்வாங்கும். கறுப்புத் தரை அந்த ஒளியை விழுங்கிவிடலாம். அப்படியானால் சுவரோரத்து ஒரு சாண் கூட்டப்படாமலே கிடக்கும், மணல் ஒதுங்குவதும் அங்கேதான். உணரியின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிச் சமாளிக்கும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். விறாந்தைப் படி உள்ள வீட்டில் அதைச் செய்தால் இயந்திரம் முற்றத்தில் விழும். வாங்குவதற்கு முன் தெரிந்தவர் ஒருவரின் ரோபோவை ஒரு மாலைப் பொழுதுக்கு இரவல் வாங்கி, அந்தக் கரையில் ஓடவிட்டுப் பாருங்கள்.

இன்னும் இரண்டு விடயம். இவை பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். ரவுற்றரில் 5 கிகாஹேர்ட்ஸும் அதே பெயரில் இருந்தால், இணைக்கும்போது மட்டும் அதை நிறுத்தி வையுங்கள். சார்ஜ் ஏறும் தளத்தை விறாந்தை வெயிலில் வைக்காதீர்கள், லிதியம் பற்றரிக்கு வெப்பமே முதற் பகை. உப்புக் காற்றில் அதன் உலோகத் தொடுமுனைகளும் கறுத்துப்போகும், அவற்றை உலர்ந்த துணியால் துடைத்து வந்தால் சார்ஜ் ஏறவில்லை என்ற முறைப்பாடே வராது.

பதில்: உப்புவெளி மகள்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பக்கத்து ஒழுங்கையில் விருந்தினர் விடுதி நடத்தும் அக்கா தன்னுடைய லைடார் இயந்திரத்தை இரவல் தந்தார். சிவப்புத் தரையில் நன்றாக ஓடியது. கறுப்புக் கரையில், மெருகு தேய்ந்து சாம்பல் நிறமான இடங்களில் ஏறுகிறது. கதவுக்குப் பின்னால் இன்னும் கறுப்பாகவே இருக்கும் பகுதியில் மட்டும் திரும்பிவிடுகிறது. அந்தத் துண்டைத் தும்புத்தடியால் கூட்டலாம், அம்மாவுக்கும் ஏதாவது மிச்சம் வைக்க வேண்டுமே. நிலைப்படிகளை அளந்தேன்: குசினிப் படி 15 மில்லிமீற்றர், முன் கூடத்திலிருந்து அறைகளுக்குப் போகும் படி 28. அதற்குத் தச்சரிடம் சரிவுப் பலகை சொல்லியிருக்கிறேன். துடைப்பதை டைல்ஸ் அறைகளோடு நிறுத்திக்கொள்வதாக முடிவு. சர்வதேச மாதிரி ஒன்று கொழும்புக் கடையொன்றில் என் தொகைக்குச் சற்று மேலாக இருக்கிறது, உத்தரவாதமும் உண்டு. அதையே எடுக்கப் போகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். வடிகட்டியைக் கழுவலாமா?

பதில்: திருமலை மின்திருத்துநர்

கழுவக்கூடியது என்று கையேட்டில் எழுதியிருந்தால் மட்டும், சவர்க்காரம் இல்லாமல் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். பின் நிழலில் முழுதாக 24 மணித்தியாலம் உலர விடுங்கள். மாரியில் அதற்கு மேலும் ஆகும். ஈரமாக மாட்டினால் புழுதி சேறாகி அடைத்துவிடும், மோட்டாருக்கும் ஈரம் போகும். இரண்டு வடிகட்டிகள் வாங்கி மாறி மாறிப் போடுவதே வசதி. கழுவக் கூடாதது என்றால், முற்றத்தில் தட்டி, காய்ந்த மென்தூரிகையால் துடைத்தால் போதும்.